கஸ்தூரியின் இடது கை

திங்கட்கிழமை காலை பத்து நாற்பது. அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓர் ஆணும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். நான் முதலில் பார்த்தது அந்தப் பெண்ணின் முகத்தை அல்ல. அவளுடைய இடது முழங்கைக்கு மேலே அழுந்தியிருந்த அந்த ஆளின் விரல்களை. அவன் கையை எடுத்தான். அதே இடத்தில், மேல்கையின் உட்பக்கத்தில், கருத்த தடங்கள் தெரிந்தன. மூன்றோ நான்கோ இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய விரல் பருமன்.

எனக்கு எதிரே நின்ற டியூட்டி டாக்டர் கிரணும் அதைப் பார்த்தார். பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பிரிவில் அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் கஸ்தூரி. ஜீவனஹள்ளியில் வீடு. மார்க்கெட்டில் ஒரு மீன் கடையில் மீன் வெட்டித் தரும் வேலை. கூட வந்தவர் அவள் கணவர் ஏழுமலை, ஆட்டோ ஓட்டுபவர்.

நான் காக்ஸ் டவுன் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நர்சாகச் சேர்ந்து, அவசரப் பிரிவின் பொறுப்பு சிஸ்டராக ஓய்வு பெற்றவள். போன மாதம், அதே பிரிவில் இப்போது வேலை பார்க்கும் அனிதா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். ஒரு பெரியவரின் கணுக்கால். வீங்கி, கருநீலமாக இருந்தது. "சிஸ்டர், இது ரத்தக்கட்டா, செப்டிக்கா? டாக்டருக்கும் டவுட்டு" என்று கீழே எழுதியிருந்தாள். இப்போது கிளை மருத்துவமனையிலிருந்து இப்படிப் படம் எடுத்து அனுப்பி, இங்கே திரையில் பார்த்து முடிவு சொல்கிறார்களாம்.

"தொட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"நான் இங்க இருக்கேன், அவரு அங்க இருக்காரு சிஸ்டர். எப்படித் தொடுறது?"

"அப்ப அங்க இருக்கறவங்களத் தொடச் சொல்லு. முதல்ல நல்ல காலை."

அப்படிச் செய்தார்கள். ரத்தக்கட்டுதான். இரண்டு நாள் கழித்து அனிதா மறுபடி கூப்பிட்டு, எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று எழுதித் தரச் சொன்னாள். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கஸ்தூரியை விட்டுவிட்டு அதை எழுத முடியவில்லை.

நர்சிங் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது நான்கு சொற்கள். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். புத்தகத்தில் படங்களும் இருந்தன. எல்லாம் வெளுத்த கால்கள். அவற்றில் சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது. வேலைக்கு வந்த பிறகு நான் பார்த்த கால்களில் பெரும்பாலானவை கறுப்பு, மாநிறம். அந்தத் தோலில் தொற்று சிவப்பாக வருவதில்லை. கருஞ்சிவப்பாக, சாம்பலாக, சில சமயம் வெறும் பளபளப்பாக வரும். ரத்தக்கட்டும் ஏறக்குறைய அதே நிறம்தான். இதைப் புத்தகம் சொல்லவில்லை.

சொன்னவர் டாக்டர் நாகரத்னா. எங்கள் தலைமை அறுவை மருத்துவர். சொந்த மொழி கன்னடம். எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். கொண்டையில் எப்போதும் ஒரு நீல பால்பாயின்ட் பேனா செருகியிருக்கும். நோயாளியிடம் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போடுவார். அதன் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்க மாட்டார். விரல்களின் புறப்பக்கத்தை முதலில் நல்ல காலில் வைப்பார். பிறகுதான் கெட்ட காலில். மறுபடி நல்ல காலில்.

"நல்ல கால் எவ்வளவு சூடுன்னு தெரியாம, கெட்ட கால் சூடுன்னு எப்படி ஸ்டெல்லா சொல்வே?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். அவர் கோபித்துக்கொண்டு நான் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார். அது கோபத்தை விடக் கஷ்டம்.

அதன் பிறகு ஓரத்தைப் பார்ப்பார். அடிபட்ட இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துவார். கறுப்பு முடியும் இடத்துக்கு வெளியே, தோல் சாதாரணமாகத் தெரியும் இடத்திலும் அழுத்துவார். அங்கேயும் வலித்தால் அவர் புருவம் கொஞ்சம் இறங்கும். கடைசியாகக் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்து, கறுப்பின் ஓரத்தை ஒட்டித் தோலின் மேலேயே கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுவார்.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இன்னா டாக்டரம்மா, என் கால்ல சைட்டு அளக்குறீங்களா?" என்றார்.

"ஹௌது, ஆமா. இந்தக் காம்பவுண்டத் தாண்டினா உன்னை உள்ள போட்டுடுவேன்" என்றார் டாக்டர். அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் கறுப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. அவரை வார்டில் சேர்த்துப் பத்து நாள் ஊசி போட்டோம்.

நேர்மாறாகவும் நடந்ததுண்டு. ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், முழங்காலுக்குக் கீழே ஹாக்கி மட்டை பட்டு வந்தார். இரண்டாம் நாள் கணுக்கால் முழுக்கக் கறுத்துவிட்டது. பரவுகிறது என்று பயந்து அவருக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் நாகரத்னா தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியைக் கழற்றச் சொன்னார். ரத்தக்கட்டு தண்ணீர் மாதிரி, நின்றால் கீழே இறங்கும். இறங்கி மஞ்சளாகும், பச்சையாகும், போய்விடும். தொற்று பெரும்பாலும் மேலே ஏறும். அந்த ஆசிரியர் நான்காம் நாள் மஞ்சள் கணுக்காலோடு நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஆக, கஸ்தூரி வந்த அன்று எங்களுக்கு இதெல்லாம் தெரியும். எங்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அதுதான் முன்னால் வந்து நின்றது.

வீட்டில் அடி வாங்கும் பெண்களை எப்படி அடையாளம் காண்பது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்திருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன், கதவில் இடித்துக்கொண்டேன் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். கணவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மேல்கையின் உட்பக்கம் பாருங்கள். பிடித்து உலுக்கினால் விரல் தடம் அங்கேதான் விழும். அது நல்ல வகுப்பு. அதற்குப் பிறகு நாங்கள் அப்படிக் கேட்டுக் காப்பாற்றிய பெண்கள் உண்டு. அதனாலேயே, விழுந்தேன் என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருப்பது எங்கள் பிரிவின் பழக்கமாகிவிட்டது.

ஏழுமலையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தேன்.

"எப்படிம்மா ஆச்சு?"

"ஐஸ் பொட்டி மூடி கைமேல வுழுந்துச்சி சிஸ்டர். நேத்து. ஞாயித்துக்கெழம கூட்டம்ல, யாரோ இடிச்சிட்டாங்க."

"வீட்ல ஏதாவது சண்டையா?"

"சண்டையா? இன்னாத்துக்கு?"

"பயப்படாம சொல்லு. அவரு வெளியதான் இருக்காரு. அவருக்குக் கேக்காது."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வலியிலும் உதட்டைச் சுழித்தாள். "அய்ய! அவுரா? கரப்பான்பூச்சி வந்தாலே என்னத்தான் கூப்புடுவாரு அடிக்க. நீங்க வேற."

பக்கத்துக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா லில்லி நிமிராமலே சொன்னாள்: "எல்லா புருசனும் இவங்க வாயில தேவதூதன்தான் சிஸ்டர்."

டாக்டர் கிரண் கையைப் பார்த்தார். புறங்கையிலும் கட்டைவிரல் அடியிலும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பத்து காய்ந்து, செங்கல் நிறத்தில் வெடித்திருந்தது. முன்கை வீங்கிக் கருத்திருந்தது. மேல்கையில் அந்தத் தடங்கள். லேசான காய்ச்சல். நாடி வேகமாக ஓடியது. பயத்தில் ஓடுகிறது என்று நினைத்தோம். விரல் பட்டாலே கத்தினாள். "எலும்புக்குள்ள நெருப்ப வெச்ச மாரி இருக்கு சிஸ்டர், கைய எடுங்க" என்றாள். எலும்பு முறிந்திருக்கும் என்று எக்ஸ்ரே எடுத்தோம். முறிவு இல்லை. ரத்தக்கட்டு, தாக்குதலாக இருக்கலாம் என்று எழுதப்பட்டது. வலிக்கு ஊசி போட்டு, முன்கை முழுவதும் ஐஸ் பொதியைச் சுற்றி, கட்டிலில் படுக்க வைத்தோம்.

தாக்குதல் என்று எழுதினால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை வாசலிலேயே ஒரு கான்ஸ்டபிள் இருப்பார். வந்தார். ஏழுமலையைச் சுவரோரம் நிற்க வைத்தார்.

"ஏனப்பா, ஹெண்டதி மேலே கை மாட்தியா?" மனைவி மேல் கை வைப்பாயா என்று கேட்டார்.

"இல்லா சார். நானு ஹொடெதில்லா" என்றார் ஏழுமலை. அடிக்கவில்லை என்று கன்னடத்தில் சொன்னவர், என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. ராத்திரி பூரா தூங்கல அவ. நான்தான் பத்து போட்டேன். காலையில கையைத் தாங்கிப் புடிச்சினு கூட்டினு வந்தேன். அடிச்சவன் இட்டுனு வருவானா?"

"அடிச்சவன்தாம்ப்பா மொதல்ல இட்டுனு வருவான்" என்றார் கான்ஸ்டபிள், இந்த முறை தமிழில். "ஸ்டேஷனுக்கு வா. எழுதி வாங்கிட்டு அனுப்பிடுவாங்க."

ஏழுமலை திரைக்கு வெளியே நின்றபடியே, "கஸ்தூரி, இதோ வந்துட்றேன்" என்று குரல் கொடுத்தார். அவள் ஏதோ பதில் சொன்னாள். எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவசரப் பிரிவில் வேறு ஆட்கள் வந்தார்கள். ஒரு மணி வாக்கில் நான் மறுபடி அவளருகே போனேன். கண்ணை மூடியிருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"வலி இல்ல சிஸ்டர்."

"சுத்தமாவா?"

"கையே இல்லாத மாரி இருக்கு. அப்பாடான்னு இருக்கு."

"குட். ஊசி வேலை செய்யுது" என்றார் டாக்டர் கிரண். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

டாக்டர் நாகரத்னா அந்த நேரத்தில் ஆப்பரேஷன் தியேட்டரிலிருந்து கேன்டீனுக்குப் போகும் வழியில் எங்கள் பிரிவைக் கடந்துகொண்டிருந்தார். அந்தக் கட்டிலைத் தாண்டி இரண்டடி போனவர் நின்றார்.

"யாருக்கு வலி இல்லை?"

நான் கஸ்தூரியைக் காட்டினேன். அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

நல்ல கையைத் தொட்டார். ஐஸ் பொதியை எடுத்து ஓரமாக வைத்தார். "ஐஸ் வெச்சா நான் எப்படி சூடு பார்ப்பேன்?" என்று பொதுவாகக் கேட்டார். ஐஸ் படாத இடத்துக்கு, அக்குளுக்குக் கீழே, விரல்களைக் கொண்டுபோனார். என் கையையும் இழுத்து அங்கே வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் அருகே கை வைத்தது போல இருந்தது.

"ரத்தக்கட்டு டாக்டர். புருஷன் பிடிச்சிருக்கான். விரல் தடம் இருக்கு" என்றார் கிரண்.

டாக்டர் நாகரத்னா கஸ்தூரியின் நல்ல கையை முழங்கைக்கு மேலே தன் கையால் இறுக்கிப் பிடித்து, விட்டார். அவர் விரல்கள் அழுந்திய தடம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

"தடம் எப்படி விழுந்துச்சு? கையைச் சுத்தி, குறுக்கே. இப்ப இதைப் பாரு." இடது மேல்கையின் தடங்கள் மேல் பேனாவின் நுனியை ஓட்டினார். முழங்கையில் தொடங்கி அக்குள் வரை போனார். "இது நெடுக்கே போகுது. யாரும் இப்படிப் பிடிக்க முடியாது."

இரண்டு மணி நேரமாக என் கண்ணெதிரே இருந்த தடங்கள் அவை. நான் எண்ணக்கூட எண்ணியிருந்தேன். அவை எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று பார்க்கவில்லை. அந்த நிமிடத்தில் அவை ஓடுவது எனக்குத் தெரிந்தது.

டாக்டர் ஈரப் பஞ்சால் அந்தச் செங்கல் நிறப் பத்தைத் துடைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, எள்ளளவு ஒரு துளை. சுற்றிலும் தோல் சாம்பல் நிறம். கொஞ்சம் மேலே இரண்டு கொப்புளங்கள், உள்ளே கருத்த நீர்.

"இது என்னம்மா?"

"கெளுத்தி முள்ளு. சனிக்கெழம குத்திச்சி." அவள் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. "அது டெய்லி குத்தும் டாக்டரம்மா. அதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தா..."

டாக்டர் முன்கையை அழுத்தினார். தோலுக்கடியில் தொற்று கிளப்பிய காற்று, கடுகு வெடிப்பது போல மெல்லியதாக நொறுங்கியது. ஊசி முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார். கஸ்தூரி கண்ணைத் திறக்கவே இல்லை. வலி நின்றதற்குக் காரணம் எங்கள் ஊசி அல்ல. உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருந்தது. கறுப்பின் ஓரத்தில் கோடு போட்டு மணி எழுதினார். ரத்தம் எடுத்து, மருந்து ஏற்றி, தியேட்டருக்குச் சொல்லி முடித்துத் திரும்பி வந்தபோது, கறுப்பு அந்த நீலக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் நின்றது. நான் பார்த்த கோடுகளில் அவ்வளவு சீக்கிரம் தாண்டப்பட்டது வேறில்லை.

முள் குத்தியது நிஜம். மூடி விழுந்ததும் நிஜம். முள் வழியே உள்ளே போன கிருமி, அடிபட்டு நசுங்கிய சதையில் வேகமாகப் பரவியிருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

டாக்டர் அவள் முகத்தருகே குனிந்தார். "கஸ்தூரி, கையைத் திறந்து கெட்டுப்போன சதையை எடுக்கணும். இப்பவே. உயிருக்காக, தேவைப்பட்டா கையையே எடுப்பேன். புரியுதா?"

"கையவா?" கண்ணைத் திறந்தாள். "ஒரு கையில மீன எப்படிப் புடிப்பேன், எப்படி வெட்டுவேன்?"

"உயிர் இருந்தா அதைப் பத்தி யோசிக்கலாம்."

"அவுரக் கேளுங்க. அவுரு சொல்லட்டும், நான் கையெழுத்து போட்றேன்."

"அவர் எங்கே?" டாக்டர் நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

ஸ்டேஷனில் என்று நான் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கிரணின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "போன் மாடு. பேக" என்றார், சீக்கிரம் என்ற அர்த்தத்தில்.

கான்ஸ்டபிளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஸ்டேஷன் எண்ணில் எடுத்த ஒருவர், ஐயா வெளியே போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றார். லில்லியை ஆட்டோ பிடித்து நேரில் போகச் சொன்னேன். அவள் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். இதற்குள் கஸ்தூரிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. காத்திருக்க முடியாது என்று டாக்டர் நாகரத்னாவும் மயக்க மருந்து டாக்டரும் தாங்களே கையெழுத்திட்டார்கள்.

தள்ளுவண்டியின் கூடவே நடந்தேன். லிப்ட் வாசலில் அவள் என் விரலைப் பிடித்தாள்.

"சிஸ்டர், அவுரு வந்தா, கடையில சொல்லி அந்த மூடிக்குக் கீலு மாத்தச் சொல்லுங்க. வேற யாருக்காவது வுழப்போவுது."

சொல்கிறேன் என்றேன்.

நான்கு மணிக்கு மேல் டாக்டர் நாகரத்னா வெளியே வந்தார். கொண்டையில் பேனா இல்லை. "உயிர் நிக்கும்னு நெனைக்கிறேன்" என்றார். பிறகு தன் இடது கையில், முழங்கைக்கு மேலே, வலது கையை வாள் மாதிரி வைத்துக் காட்டினார். கிரண் ஏதோ கேட்க ஆரம்பித்தார். காலையிலேயே கண்டுபிடித்திருந்தால் என்று கேட்கவந்தார் என்று நினைக்கிறேன். "கொத்தில்லா கிரண். தெரியாது" என்றார் டாக்டர். பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு நடந்து போனார்.

ஏழுமலை வந்தபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. லில்லி அவருக்குப் பின்னால் வந்தாள். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவர் சட்டையின் மேல் பட்டன் இரண்டு இல்லை.

"எங்க வெச்சிருக்கீங்க சிஸ்டர்? கை பரவால்லியா?"

பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளைச் சொன்னேன், மூடியைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன். கையைச் சொன்னேன். கீல் மாற்றச் சொன்னதையும் சொன்னேன். அவர் அழவில்லை. "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை "சரி" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

வெளிச்சம் அவருடைய இடது கன்னத்தில் விழுந்தது. அது வீங்கிக் கருத்திருந்தது. நான் என் விரல்களின் புறப்பக்கத்தை முதலில் அவருடைய வலது கன்னத்தில் வைத்தேன். பிறகு இடது கன்னத்தில். இரண்டும் ஒரே சூடு. ஓரத்தில் அழுத்தினேன், கறுப்புக்கு வெளியே வலிக்கவில்லை என்றார்.

விரல் தடங்கள் நான்கு. குறுக்கே விழுந்திருந்தன.